பழைய படங்கள் டிஸ்க்கில் எப்போது வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படங்களை டிஸ்க்காக வாங்கிச் சேர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் "அது எப்ப வரும், இது வருமா" என்பதில்தான் வந்து நிற்கும். வாங்கி வைத்ததைப் பார்க்கிற நேரத்தைவிட வராததைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். திரும்பத் திரும்பக் காதில் விழுகிற சந்தேகங்களை ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். எந்தப் படம் எந்த மாதம் வரும் என்ற ஆருடம் இதில் கிடையாது. எதை வைத்து ஊகிக்கலாம், எதை நம்பி ஏமாறக் கூடாது என்பதுதான் விஷயம்.

எல்லாம்தான் ஓடிடியில இருக்கே, இன்னும் டிஸ்க் எதுக்கு?

முதலில், எல்லாம் ஓடிடியில் இல்லை. இருப்பதும் அடுத்த மாதம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அதே வடிவத்தில் இருக்குமா என்பது இன்னொரு கேள்வி. 1971-ல் வந்த 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில் ஒரு வசனப் பகுதியை வெட்டிய வடிவம் 2023-ல் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஓடிடியில் ஓடியது. பழைய டிஸ்க் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது உடனே தெரிந்தது.

தரமும் ஒரு காரணம். ப்ளூ-ரேக்கு அடுத்து வந்த, கூடுதல் தெளிவுள்ள வடிவமான 4கே டிஸ்க்கில் நொடிக்கு நூறு மெகாபிட்டுக்கு மேல்கூடத் தரவு போக இடமுண்டு, ஓடிடியில் அதில் சிறு பங்குதான் வரும். புதிய படங்களில் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியாமல் போகலாம். ஃபிலிம் கிரெயின் (ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் பொடிப் புள்ளிகள்) நிறைந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஓடிடியில் போட்டுப் பாருங்கள், இருட்டான காட்சிகளில் கிரெயின் எல்லாம் கட்டம் கட்டமாகக் குழம்பிப்போய் இருக்கும்.

சோனி ப்ளூ-ரே தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்களாமே, அப்ப எல்லாம் முடிஞ்சுதா?

இல்லை. சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது நாமே பதிவு செய்துகொள்ளும் காலி ப்ளூ-ரே டிஸ்க்குகளை. படம் அச்சடித்து விற்கும் டிஸ்க் வேறு, அது வந்துகொண்டுதான் இருக்கிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பரப்பியதால் வந்த கலவரம் அது.

உண்மையான கவலை பிளேயர் பக்கம் இருக்கிறது. ஓப்போ 2018-லும் சாம்சங் 2019-லும் ஒதுங்கிக்கொண்டன, 2024-ல் எல்ஜியும் போய்விட்டது. பெரிய ஸ்டூடியோக்களும் டிஸ்க் வேலையைத் தங்கள் தலையிலிருந்து இறக்கி வைக்கப் பார்க்கின்றன. டிஸ்னி 2024-ல் அந்தப் பொறுப்பை சோனியிடம் கொடுத்துவிட்டது, வார்னரும் யுனிவர்சலும் சேர்ந்து ஒரு கூட்டு விநியோக நிறுவனம் வைத்துக்கொண்டன. ஆனால் இதில் பழைய படங்களுக்கு ஒரு லாபமும் நடந்தது. ஸ்டூடியோ விலகிய இடத்தில் க்ரைட்டீரியன், கினோ லார்பர், ஆரோ, யுரேகா, பிஎஃப்ஐ மாதிரியான லேபிள்கள், அதாவது உரிமையைக் குத்தகைக்கு வாங்கி டிஸ்க் போடுகிற நிறுவனங்கள், வந்து உட்கார்ந்தன. ஸ்டூடியோ தொட்டுக்கூடப் பார்க்காத படங்களெல்லாம் அவர்களால்தான் வருகின்றன.

ஒரு படம் யார்கிட்ட இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தயாரிச்ச கம்பெனிகிட்டதானே இருக்கும்?

பெரும்பாலான ஊகங்கள் தடம் மாறுவது இங்கேதான். படம் தொடங்கும்போது வருகிற முத்திரைக்கும் இன்றைய உரிமையாளருக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருக்கலாம். பாரமவுண்ட் 1929 முதல் 1949 வரை எடுத்த பேசும் படங்களில் பெரும்பகுதியை 1958-ல் எம்சிஏ என்ற நிறுவனம் வாங்கியது, அது பிறகு யுனிவர்சலோடு இணைந்தது. அதனால்தான் 1944-ல் பாரமவுண்ட் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி' இன்று யுனிவர்சல் கையில் இருக்கிறது. எம்ஜிஎம் கதை இன்னும் சிக்கல். 1986-க்கு முந்தைய எம்ஜிஎம் படங்கள் ஊடக அதிபர் டெட் டர்னரிடம் போய் அங்கிருந்து வார்னரிடம் வந்து சேர்ந்தன. 2022-ல் அமேசான் எம்ஜிஎம்மை வாங்கியபோது "அமேசான்கிட்ட சொல்லி பழைய மியூசிக்கல் எல்லாம் 4கே போடச் சொல்லணும்" என்று பேசியவர்கள் உண்டு. அந்தப் படங்கள் அமேசானிடம் இல்லவே இல்லை. ஃபாக்ஸ் படங்கள் 2019-லிருந்து டிஸ்னியிடம்.

இன்னொன்று, உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் ஒருவர், பிரான்ஸில் ஒருவர், ஜப்பானில் ஒருவர் என்று ஒரே படத்துக்கு மூன்று உரிமையாளர்கள் இருப்பது சாதாரணம். லேபிள்களிடம் இருப்பது குத்தகைதான், சொத்து இல்லை. க்ரைட்டீரியன் வெளியிட்ட 'தி தேர்ட் மேன்' ப்ளூ-ரே 2010-ல் அச்சிலிருந்து போனதற்குக் காரணம் உரிமை வைத்திருந்த பிரெஞ்சு நிறுவனமான ஸ்டூடியோகெனாலுடன் இருந்த ஒப்பந்தம் முடிந்ததுதான். ஒரு படத்தைப் பற்றி ஊகிக்க உட்காரும் முன் "இன்றைக்கு இது யார் கையில், எந்த நாட்டுக்கு" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வதந்தி அங்கேயே விழுந்துவிடும். அந்தப் படத்தின் மிகச் சமீபத்திய டிஸ்க் எந்த நாட்டில் வந்திருந்தாலும் அதன் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் உரிமை வரியைப் படித்தாலே விஷயம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காப்புரிமை முடிஞ்ச படம்னா யார் வேணா போடலாமே, அப்புறம் என்ன தாமதம்?

போடலாம்தான். அமெரிக்காவில் பழைய படங்களுக்கு 95 ஆண்டுக் கணக்கு, 1929-ல் வெளியானவை 2025 ஜனவரி 1-ல் பொதுச் சொத்தாகின. 1963-ல் வந்த 'ஷரேட்' மாதிரி, காப்புரிமை அறிவிப்பைச் சரியாகப் போடாமல் வெளியான அன்றைக்கே உரிமையை இழந்த படங்களும் உண்டு. ஆனால் படம் பொதுச் சொத்தானால் நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடிய அசல் ஃபிலிம், பொதுச் சொத்தாகிவிடாது. நல்ல நெகட்டிவ் ஒரு ஆவணக் காப்பகத்திலோ ஸ்டூடியோ பெட்டகத்திலோ இருக்கும், அதைத் தொட அவர்கள் சம்மதம் வேண்டும். அது கிடைக்காதவர்கள் கையில் அகப்பட்ட தேய்ந்த 16 எம்எம் பிரிண்டை ஸ்கேன் செய்து போடுகிறார்கள்.

பொதுச் சொத்தாவது சில சமயம் படத்துக்குக் கெடுதலாகவும் முடிகிறது. சந்தையில் ஏற்கனவே பத்து மட்டமான டிஸ்க் கிடக்கும்போது காசு போட்டுப் புதிதாக ரெஸ்டோர் செய்ய, அதாவது பழுதுபார்த்துப் புதுப்பிக்க, எந்த லேபிளுக்கு மனசு வரும்?

இவ்வளவு பேர் கேட்டும் சில படங்கள் ஏன் வரவே மாட்டேங்குது?

"கேட்கிறவர்கள் குறைவு" என்பது காரணமாக இருப்பது அரிது. பாட்டு உரிமை ஒரு பெரிய முட்டுக்கட்டை. தியேட்டரில் ஓட்டுவதற்கு வாங்கிய பாட்டு உரிமை வீடியோவுக்குச் செல்லாது, அந்தக் காலத்தில் வீடியோ என்ற ஒன்றையே யாரும் யோசித்து ஒப்பந்தம் எழுதவில்லை. சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' எழுபதுகளில் எடுத்த படம், பாட்டு உரிமைகளைத் தீர்த்து முறையாக வெளிவர 2007 ஆனது. 1981-ல் வந்த அனிமேஷன் படம் 'ஹெவி மெட்டல்' வீடியோவுக்கு வர 1996 ஆனதும் இதனால்தான்.

இயக்குநரே காரணமாக இருப்பதும் உண்டு. 'தி அபிஸ்' 1989-ல் வந்தது, ப்ளூ-ரே என்ற வடிவத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி முழுக்க அதற்கு ஒரு ப்ளூ-ரே கிடையாது. புதிய மாஸ்டருக்கு, அதாவது டிஸ்க்குக்கு அடிப்படையாகும் முதன்மைப் பிரதிக்கு, ஜேம்ஸ் கேமரூன் ஒப்புதல் தர நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது, கடைசியில் 2024-ல் வந்தது. அப்புறம் டிஸ்னியின் 'சாங் ஆஃப் தி சவுத்' மாதிரி, அமெரிக்காவில் வீடியோவாக விடவே போவதில்லை என்று நிறுவனமே பிடிவாதமாக இருக்கும் படங்கள். அதற்கு ஊகம் செய்வது நேர விரயம்.

நெகட்டிவ் எரிஞ்சு போச்சுன்னா அந்தப் படம் அவ்வளவுதானா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் நெகட்டிவ் 1993-ல் லண்டனில் ஒரு ஃபிலிம் ஆய்வகத்தில் நடந்த தீயில் மாட்டிக்கொண்டது. கருகியதைத் தூக்கிப் போடாமல் அமெரிக்காவின் அகாடமி காப்பகம் பாதுகாத்து வைத்தது. பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் இருக்கும் ரெஸ்டோரேஷன் ஆய்வகத்தில் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, பிசுக்கு நீக்கி, ஓரங்களைக் கையால் சரிசெய்து ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி' நெகட்டிவில் ஏறத்தாழ 40 சதவீதம் தேறியது, மீதியை வேறு நல்ல பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015-ல் டிஸ்க் வந்தபோது படத்தில் எரிந்த சுவடே தெரியவில்லை.

'மெட்ரோபோலிஸ்' படத்தின் தொலைந்த பகுதிகளில் பெரும்பாலானவை 2008-ல் புவெனஸ் ஐரஸில் ஒரு அருங்காட்சியகத்திலிருந்த 16 எம்எம் பிரதியில் கிடைத்தன. படம் முழுக்கக் கோடு கோடாக இருந்தாலும் கதை ஏறத்தாழ முழுமையானது. இதற்கு நேரெதிர் பக்கம் லான் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'. தெரிந்த கடைசிப் பிரதி 1965-ல் எம்ஜிஎம் பெட்டகத் தீயில் போனது. நெகட்டிவ் போனது என்பதும் எல்லாப் பிரதியும் போனது என்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டால் காத்திருக்கலாம்.

வெட்டின காட்சிகள் எங்கேயோ பெட்டகத்துல இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' பற்றித்தான் இது அதிகம் வரும். ஆர்சன் வெல்ஸ் பிரேசிலில் இருந்தபோது ஆர்கேஓ ஸ்டூடியோ நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டி, முடிவையும் மாற்றியது. வெட்டிய நெகட்டிவ் அழிக்கப்பட்டது. ரியோவுக்கு அவருக்காக அனுப்பிய ஒரு பிரதி எங்கேயாவது கிடக்காதா என்ற நப்பாசை மட்டும் இன்னும் இருக்கிறது, அதைத் தேடிப் போனவர்களும் உண்டு. 2018-ல் க்ரைட்டீரியன் போட்டது ஸ்டூடியோ வெட்டிய வடிவத்தைத்தான். முழு வடிவம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த டிஸ்க்கை வாங்கிப் பார்த்துவிட்டே காத்திருக்கலாம்.

எந்தப் படம் வரப்போகுதுன்னு முன்னாடியே காட்டிக்குடுக்கற நம்பகமான தடயம் எது?

என் கணக்கில் முதலிடம் தணிக்கைப் பதிவுக்கு. பிரிட்டனில் 1984-ல் வந்த வீடியோ சட்டப்படி, விற்பனைக்கு வரும் படத்துக்குப் பெரும்பாலும் அந்த நாட்டுத் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சியின் சான்று வேண்டும், அவர்கள் முடிவுகளைப் பொதுவில் போட்டுவிடுகிறார்கள். எழுபது வருடப் பழைய படம் ஒன்று திடீரென்று புதிதாக வீடியோ சான்று வாங்கியிருந்தால், கூடவே அதன் விவரணப்படங்களும் பேட்டிகளும் பதிவாகியிருந்தால், யாரோ ஒருவர் டிஸ்க் தயார் செய்துகொண்டிருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். லேபிள் வாயைத் திறக்கும் முன்பே இப்படி வெளியே வந்த படங்கள் நிறைய.

அடுத்தது திரைப்பட விழாக்கள். பொலோன்யாவில் கோடைதோறும் நடக்கும் இல் சினிமா ரித்ரொவாத்தோ, கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவு, வெனிஸின் அதே மாதிரிப் பிரிவு, இவற்றின் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புதிய ரெஸ்டோரேஷன் என்று காட்டப்படுவதில் கணிசமான பங்கு பிறகு டிஸ்க்காகிறது. பட்டியலில் படத்தின் பெயரைவிட ரெஸ்டோர் செய்தது யார், பணம் கொடுத்தது யார் என்ற வரிதான் முக்கியம், ஏனென்றால் எந்த லேபிளுக்குப் போகும் என்பதை அதுதான் சொல்லும். தியேட்டரில் மறுவெளியீடு நடந்தால் இன்னும் நல்லது, க்ரைட்டீரியனின் சகோதர நிறுவனமான ஜேனஸ் ஃபிலிம்ஸ் ஒரு பழைய படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தால் க்ரைட்டீரியன் டிஸ்க்கை எதிர்பார்ப்பது நியாயமானதே.

க்ரைட்டீரியன் புத்தாண்டை ஒட்டி ஒரு கிறுக்குத்தனமான ஓவியம் வெளியிடும், அந்த ஆண்டு வரும் படங்களுக்கான விடுகதைகள் அதற்குள் ஒளிந்திருக்கும். அதை அவிழ்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் ஒரு மூலையில் வரைந்த குடையைப் பார்த்துவிட்டு நாற்பது படங்களை அடுக்குகிறவர்களைத் தடயம் கணக்கில் சேர்க்க மாட்டேன். கடைத் தளங்களில் தேதி இல்லாமல் வரும் வெற்றுப் பக்கங்களும் அப்படித்தான். ஐம்பதாவது ஆண்டு, நூறாவது ஆண்டு என்ற கணக்கு பெரிய ஸ்டூடியோக்களிடம் ஓரளவு பலிக்கும், சிறிய லேபிள்களிடம் பலிக்காது.

4கே ரெஸ்டோரேஷன் முடிஞ்சுதுன்னு செய்தி வந்துச்சு. எத்தனை மாசத்துல டிஸ்க் வரும்?

மாதக் கணக்கு என்று ஒன்று இல்லை. உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' ரெஸ்டோர் ஆகி 2012-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஸ்கார்செஸியின் உலக சினிமா திட்டத் தொகுப்பில் அது டிஸ்க்காக வந்தது 2022-ல். ஆபெல் கான்ஸின் 'நெப்போலியன்' இன்னும் பெரிய கதை. ஐந்தரை மணி நேர வடிவம் ஒன்றை பிஎஃப்ஐ 2016-ல் ப்ளூ-ரேயாகப் போட்டது, பிரெஞ்சு சினிமாதெக் செய்த ஏழு மணி நேர வடிவத்தின் முதல் பாகம் 2024-ல் கான் விழாவில் காட்டப்பட்டது. எந்த வடிவம் எந்த நாட்டில் யாருடைய இசையோடு என்பதிலேயே பல பத்தாண்டுகள் கழிந்த படம் அது.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. 4கே-யில் ரெஸ்டோர் செய்தார்கள் என்றால் 4கே டிஸ்க் வரும் என்று அர்த்தம் இல்லை. மேலே சொன்ன அபு முப்படங்களே 2015-ல் ப்ளூ-ரேயாகத்தான் வந்தன. 4கே டிஸ்க் அச்சடிக்கச் செலவு கூடுதல், வாங்குகிறவர்கள் குறைவு. அதனால் லேபிள் தயங்கும்.

அறிவிச்ச பிறகு கேன்சல் ஆகுமா?

ஆகும். அகிரா குரோசாவாவின் 'ரான்' ப்ளூ-ரேயை க்ரைட்டீரியன் அறிவித்துவிட்டு எடுத்துவிட்டது, மேலே சொன்ன அதே ஸ்டூடியோகெனால் ஒப்பந்தம்தான் காரணம். பிறகு அது வேறு கை வழியாக வந்தது. அறிவித்தபின் தள்ளிப்போவது இன்னும் சகஜம், தள்ளிப்போனால் யாரோ மாஸ்டரைச் சரிசெய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

இப்ப இருக்கற ப்ளூ-ரேயை வாங்கட்டுமா, 4கே வரட்டும்னு இருக்கட்டுமா?

யார் வெளியிட்டது என்பதைப் பொறுத்தது. பெரிய ஸ்டூடியோவின் பிரபலமான படம் என்றால் காத்திருக்கலாம், இன்றில்லாவிட்டால் நாளை வரும், இருக்கும் ப்ளூ-ரேயும் எங்கும் ஓடிப்போகாது. குத்தகையில் போடும் சிறிய லேபிள் என்றால் காத்திருக்காதீர்கள். ட்வைலைட் டைம் என்ற லேபிள் 2011-லிருந்து ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 3000 பிரதி மட்டும் அச்சடித்து, 2020-ல் கடையையே மூடிவிட்டது. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் பிறகு பல மடங்கு கொடுத்துப் பழைய பிரதி வாங்கினார்கள்.

வார்னரின் பழைய படங்களுக்கான பிரிவான வார்னர் ஆர்கைவ் ப்ளூ-ரே விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் பிடிவாதமானது. பெரும்பாலும் அசல் நெகட்டிவிலிருந்து புதிதாக 4கே ஸ்கேன் எடுத்துத்தான் போடுகிறார்கள், ஆகவே அந்த ப்ளூ-ரேக்கும் வரக்கூடிய 4கே டிஸ்க்குக்கும் நடுவே உள்ள தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. வாங்கிவிடுங்கள். பழைய வார்னர் டிவிடி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள், 2006 முதல் 2008 வரை அச்சானவற்றை எடுத்துக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். அந்தக் கால டிஸ்க்குகளில் பல உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகின்றன, 2025-ல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது.

4கே-ன்னு போட்டிருந்தாலே நல்லா இருக்குமா?

இல்லை. டிஸ்க்கின் வடிவத்தைவிட மாஸ்டர்தான் முக்கியம். 'பிரிடேட்டர்' 2010 ப்ளூ-ரேயில் கிரெயினை மொத்தமாகத் துடைத்ததில் நடிகர்கள் எல்லாம் மெழுகுச் சிலை மாதிரி ஆனார்கள், 2018-ல் 4கே வந்தபோதுதான் தோல் மறுபடி தோலாகத் தெரிந்தது. 'பேட்டன்' முதல் ப்ளூ-ரேக்கும் அதே கதி, 2012-ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இப்போது நோய் வேறு. மென்பொருளை வைத்து இல்லாத கூர்மையைச் சேர்க்கிறார்கள், 2024-ல் வந்த 'ட்ரூ லைஸ்' 4கே-யில் முகங்களும் துணிகளும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் பழைய டிவிடியைத் தேடி எடுத்தார்கள். எதை ஸ்கேன் செய்தார்கள், அசல் நெகட்டிவையா இடைநிலைப் பிரதியையா, யார் மேற்பார்வை என்று பாருங்கள். அந்த விவரமே எங்கும் சொல்லப்படவில்லை என்றால் விமர்சனம் வரும்வரை பொறுத்திருங்கள்.

வெளிநாட்டு லேபிள் டிஸ்க் என் பிளேயர்ல ஓடுமா?

4கே டிஸ்க் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும், அதில் மண்டலப் பூட்டு இல்லை. ப்ளூ-ரேயில் ஏ, பி, சி என்று மூன்று மண்டலம், டிவிடியில் எண்கள். கவனிக்க வேண்டியது, 4கே பெட்டிக்குள் கூடவே வரும் ப்ளூ-ரேயில் பூட்டு இருக்கலாம், கூடுதல் பகுதிகள் பலசமயம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும்.

கசிஞ்ச லிஸ்ட் ஒண்ணு சுத்துது, எல்லாமே அட்டகாசமான படம். நம்பலாமா?

எல்லாமே அட்டகாசமாக இருப்பதே முதல் சந்தேகம். நிஜப் பட்டியலில் யாரும் கேட்காத படங்கள் நாலைந்தாவது இருக்கும், ஏனென்றால் உரிமை மொத்தமாக வாங்கும்போது அவையும் சேர்ந்து வரும். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் உரிமை பற்றிய கேள்வியில் சொன்ன சோதனையைப் போடுங்கள். மூன்று வெவ்வேறு ஸ்டூடியோவின் கிரீடம் போன்ற படங்கள் ஒரே லேபிளில், ஒரே மாதத்தில் என்றால் யாரோ தன் ஆசையைத் தட்டச்சு செய்திருக்கிறார்.

ஆனாலும் "இது நடக்கவே நடக்காது" என்று அடித்துச் சொல்லவும் தயங்குகிறேன். டிஸ்னி தன் அனிமேஷன் படத்தை க்ரைட்டீரியனுக்குக் கொடுக்காது என்பதை எல்லோரும் சட்டம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தோம், 2022-ல் 'வால்-ஈ' அந்த லேபிளில் 4கே-யாக வந்து நின்றது. அதனால் பட்டியலில் நம்ப முடியாத படம் ஒன்றே ஒன்று இருந்தால் அதை அடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, பிபிஎஃப்சி பக்கத்தில் ஒரு தேடல் போட்டுப் பாருங்கள்.